டோக்கன் வாங்கிய திருடன்

தையல்காரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மிஷின் ஜன்னலோரத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. எண்ணெய் போட்டாயிற்று, மேல்நூல் கோத்தாயிற்று. அடிநூல் பாபின் உட்காருகிற சின்ன இரும்புக் கூடு, பாபின் கேஸ், அதை மட்டும் காணோம். அது இல்லாவிட்டால் மிஷின் துணியில் ஓட்டை போடுமே தவிர ஒரு தையல்கூட விழாது.

மடியில் கிடந்தது கீழ்வீட்டு பேண்டு மாஸ்டரின் சிவப்புக் கோட்டு. சாயங்காலம் பூங்காவில் அதைப் போட்டுக்கொண்டுதான் அவர் டிரம்பெட் ஊதப் போகிறார். "இது சரியா வந்துச்சுன்னா எங்க குழு முழுசுக்கும் நீங்கதாம்மா தைக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். புது ஊரில் முதல் ஆர்டர். பழைய ஊரில் அவள் கடை வாசலில் எப்போதும் நாலு பேர் காத்துக் கிடப்பார்கள். புருஷனுக்கு ரயில்வேயில் மாற்றல் வந்தது. அத்தனையையும் விட்டுவிட்டு மிஷினோடு கிளம்பி வந்துவிட்டாள். இந்த ஊரில் அவளை யாருக்கும் தெரியாது. இந்தக் கோட்டும் கைவிட்டுப் போனால் தெரியவும் போவதில்லை.

"வண்டி குலுங்கினா விழுந்துடுமேன்னுதான் கழட்டினேன்" என்றான் புருஷன், சிக்னல் மெக்கானிக். "பேப்பர்ல சுத்திப் பத்திரமா வச்சேன்."

"எங்க வச்சீங்க?"

"அதான் சொன்னேனே, பத்திரமா."

இவன் பத்திரமாக வைத்த பொருளை இவனே திரும்ப எடுத்ததாகச் சரித்திரம் கிடையாது. அறை நிறைய அட்டைப்பெட்டிகள், பெட்டி நிறையப் பொட்டலங்கள். டம்ளர், பூட்டு, பல்பு, கரண்டி என்று எதையும் விடாமல் பழைய செய்தித்தாளில் சுற்றியிருந்தான். பிறகு படிக்கலாம் என்று வருஷக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த தாள்கள் அவை. படிப்பதோடு விட்டாலும் பரவாயில்லை. "தலைப்பைப் போட்டுட்டுப் பேப்பர்காரன் பாட்டுக்குப் போயிடறான். அப்புறம் என்ன ஆச்சுன்னு யாரு சொல்றது?" என்பது அவன் கட்சி. அதை இவனே சொல்வான். சோறு ஆறும், பால் பொங்கி வழியும், இவன் சொல்லிக்கொண்டே இருப்பான்.

முதல் பொட்டலத்தைப் பிரித்ததுமே ஆரம்பித்துவிட்டான். "இங்க பாரு டெய்லரம்மா! 'மிருகக்காட்சி சாலையிலிருந்து முதலை தப்பியது. பொதுமக்கள் பதற வேண்டாம் என அதிகாரி வேண்டுகோள்.' அந்த அதிகாரி அன்னிக்கு எப்படிக் குளிச்சிருப்பாரு? ஸ்டூல் மேல ஏறி நின்னுதான்! வெளிய அவரு பொண்டாட்டி, 'பதறாதீங்க, பதறாதீங்க'ன்னு கதவைத் தட்டிக்கிட்டே..."

"கேஸ் இருக்கா?"

"உப்பு ஜாடி."

அடுத்தது. "'தினமும் சிரித்தால் ஆயுள் கூடும்.' மறுநாளே இன்சூரன்ஸ்காரன் வீடு வீடா வந்திருப்பான், கிச்சுகிச்சு மூட்ட!"

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. "வாயை மூடிக்கிட்டுப் பிரிங்க! இன்னொரு தலைப்பு படிச்சீங்க, அத்தனை பேப்பரும் இன்னிக்கே எடைக்குப் போயிடும்."

மனிதன் அடங்கிவிட்டான். ஆனால் தாளைப் பிரிக்கும்போதெல்லாம் தோள் குலுங்கியது. அவள் பார்க்காத மாதிரி இருந்துகொண்டு, அடுத்த பெட்டியைக் கவிழ்த்தாள். டம்ளர், டம்ளர், டம்ளர். ஜன்னல் வெயில் மிஷினைத் தாண்டிச் சுவருக்குப் போய்விட்டது.

திடீரென்று அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "இரு, இரு! அதைச் சுத்தும்போது நான் சிரிச்சேன். முகமூடி போட்ட ஒருத்தன் பெஞ்சுல உட்கார்ந்து கொட்டாவி விடறான்!"

"அப்படி ஒரு தலைப்பா?"

"தலைப்பு மறந்துபோச்சு. நான் கட்டின கதைதான் ஞாபகம் இருக்கு."

நடந்தது மறந்துபோய் நடக்காதது மட்டும் நினைவில் நிற்கிற மண்டை! கையிலிருந்த டம்ளரை அவன்மேல் வீசலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். ஆனால் பொட்டலங்களின் மேலேயே தலைப்புகள் தெரிந்தன. எந்தத் தலைப்பிலிருந்து அந்தக் கதை பிறந்தது என்று கண்டுபிடித்துவிட்டால் போதாதா? டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எதுக்கு மூஞ்சிய மூடியிருக்கான்? தூசியா?"

"தூசி இல்ல. கையில துப்பாக்கி வச்சிருக்கான்."

"இதை முதல்லயே சொல்ல மாட்டீங்களா! அப்ப திருடன். திருடனுக்குக் கொட்டாவி வருதுன்னா ரொம்ப நேரமா எதுக்கோ காத்திருக்கான். பஸ்ஸுக்கா?"

ஒரு பொட்டலத்தில் 'பேருந்துகள் தாமதம்' என்று பளிச்சென்று தெரிந்தது. பாய்ந்து எடுத்தாள். "திருடிட்டு ஸ்டாப்புல நிக்கிறான், பஸ் வரல! வீட்டுக்காரரும் அதே ஸ்டாப்புக்கு வந்து, 'ரொம்ப நேரமா நிக்கறீங்களா, மூட்டையைக் கொஞ்சம் பிடிக்கட்டுமா'ன்னு கேக்கறாரு!" இப்படிச் சொன்னது யாரென்று பார்த்தால் அவளேதான். புருஷன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

உள்ளே இருந்தது பூட்டு.

"பெஞ்சு வெளியவா, உள்ளயா?" அவள் விடவில்லை. கன்னம் சிவந்துவிட்டது.

"உள்ள. மேல ஃபேன் ஓடுது. எதிர்ல கவுன்டர். அங்க ஒரு அம்மா நிமிந்துகூடப் பாக்கல."

"பேங்க்குங்க! பேங்க்கு!"

இருவரும் தரையில் மண்டியிட்டுப் பெட்டிகளைக் கிளறினார்கள். தலையோடு தலை முட்டியது, யாருக்கும் வலிக்கவில்லை. மூன்றாவது பெட்டியின் அடியில் அவள் கையில் அகப்பட்டது ஒரு பெரிய பொட்டலம். 'வங்கிகளில் டோக்கன் முறை அமல்.'

"துப்பாக்கியை நீட்டியிருக்கான்! அந்தம்மா, 'டோக்கன் வாங்கினீங்களா? போய் உட்காருங்க'ன்னு சொல்லியிருக்கு!" அவள் போட்ட கூச்சல் கீழ்வீட்டுக்கே கேட்டிருக்கும். பரபரவென்று தாளைக் கிழித்தாள்.

கெட்டில். டீ போடுகிற வெறும் கெட்டில்.

அவள் முகம் தொங்கிப்போயிற்று. புருஷன் தயங்கித் தயங்கி கெட்டிலை வாங்கி, காதோரம் வைத்து ஆட்டினான். கிணுங் என்றது. மூடியைத் திறந்து கவிழ்த்ததும் அவள் உள்ளங்கையில் வந்து விழுந்தது பாபின் கேஸ்.

"பத்திரமாத்தானே வச்சிருக்கேன்!" என்றான் அவன், வெட்கமே இல்லாமல்.

பதில் சொல்ல அவளுக்கு ஏது நேரம்? மிஷின் கடகடவென்று பறந்தது. தோள்பட்டை, முதுகு, லைனிங் எல்லாம் அவள் கையடியில் ஓடிக்கொண்டே இருந்தன. கடைசிப் பொத்தானைக் கையால் தைத்துக்கொண்டிருந்தபோது மாடிப்படியில் தடதடவென்று சத்தம். பேண்டு மாஸ்டர், வேர்க்க விறுவிறுக்க, ஒரு கையில் டிரம்பெட்.

"அம்மா! கோட்டு! எல்லாரும் கிளம்பிட்டாங்க!"

அவள் ஊசியிலிருந்து நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "டோக்கன் வாங்கினீங்களா?"

"டோக்கனா?" அவர் பாக்கெட்டையெல்லாம் தடவிப் பார்த்தார். "யாரும் குடுக்கலையேம்மா!"

புருஷன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவளாலும் அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, நூலைப் பல்லால் கடித்து, கோட்டை நீட்டினாள். அவர் போட்டார். கையைத் தூக்கினார், இறக்கினார், திரும்பினார். எங்கும் ஒரு சுருக்கம் இல்லை. அந்த இடத்திலேயே டிரம்பெட்டை எடுத்து ஓர் ஊது ஊதினார் பாருங்கள், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "நாளைக்கு எல்லாரையும் அளவு எடுக்கக் கூட்டிட்டு வரேன்" என்று கத்திக்கொண்டே இறங்கி ஓடினார்.

அவள் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். புருஷன் சிதறிக் கிடந்த தாள்களை ஒவ்வொன்றாகத் தடவி மடித்து, கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன பண்றீங்க?"

"எடைக்குப் போடணும்னு சொன்னியே."

அவள் எழுந்து போய்க் கட்டை அவிழ்த்தாள். பிரிக்காத பெட்டி ஒன்றைக் காலால் தள்ளி, மிஷினுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"இதைப் பிரிங்க" என்றாள். "வாய்விட்டுப் படிங்க."