கொட்டகையின் பெண்கள் பக்கம்

காரைக்குடி வட்டாரத்தில் இல்லாமல் போன சினிமாக் கொட்டகைகளைப் பற்றிச் சத்தியப்பிரியா முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்துகொண்டிருந்தாள். கல்லூரியில் வரலாறு நடத்துகிறவள். லீவு நாட்களில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவாள். கொட்டகை இருந்த இடத்தில் கல்யாண மண்டபமோ பெட்ரோல் பங்க்கோ நிற்கும், இல்லாவிட்டால் கருவேலங்காடு. விசாரித்தால் கொட்டகையின் பேரைச் சொல்வார்கள், பார்த்த படத்தைச் சொல்வார்கள். அதற்கு மேல் ஒன்றும் தேறாது.

தண்ணீர்மலையான் டாக்கீஸைப் பற்றிக் கேட்டால் மட்டும் ஆட்கள் பேச்சை மாற்றினார்கள். கோவிலூரைத் தாண்டி இருந்த கீற்றுக் கொட்டகை அது. எண்பத்து நான்கு பங்குனியில், முதல் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தபோது தீப்பிடித்துக்கொண்டது. டிக்கெட் இல்லாமல் யாரும் நுழைந்துவிடக் கூடாதென்று பெண்கள் பக்கத்து வாசலை வெளியே பூட்டி வைத்திருந்தார்கள். செத்தவர்கள் எல்லோரும் பெண்கள்.

எதிரே டீக்கடை வைத்திருந்த வீரணன்தான் அவளிடம் மனம் விட்டுப் பேசினார்.

"அவுகவுக சொந்தக்காரங்க வந்து அழுது தூக்கிட்டுப் போனாக. ஒரு பொண்ணுக்கு மட்டும் யாருமே வரலைம்மா. அது மேல தீ படவே இல்ல, பொகையில மூச்சடைச்சுப் போச்சு. தூங்குற மாதிரி கிடந்துச்சு. பச்சைத் தாவணி. ரெண்டு நாள் வச்சிருந்து பாத்துட்டு, கண்மாய்க்கரையில பொதைச்சாக."

ஆய்வுக்கு அந்தப் பெண்ணின் பேர் தேவையில்லை. இருந்தாலும் சத்தியப்பிரியாவால் விட முடியவில்லை. சுற்று வட்டாரத்தில் கேட்டுப் பார்த்தாள். போலீஸ் ஸ்டேஷனில் அந்தக் காலத்துக் காகிதம் எதுவும் இல்லை என்றார்கள். ஊர்களில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

சின்ன வயதில் வாரம் தவறாமல் அந்தக் கொட்டகைக்குப் போனவர் என்று சொல்லி, ஆத்தங்குடிப் பக்கத்திலிருந்த சோணையிடம் யாரோ அவளை அனுப்பி வைத்தார்கள். சோணை மினிலாரி ஓட்டுகிறவர். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லை வெளியூர்களுக்கு ஏற்றிப் போவார். வண்டி நிழலில் உட்கார்ந்து சந்தோஷமாகத்தான் பேச ஆரம்பித்தார்.

"தரை டிக்கெட்டுதான். மணலைக் குமிச்சு, மேடாக்கி உக்காந்துக்குவோம். பின்னாடி இருக்குறவன் அதைத் தட்டி விடுவான். படம் முடியிறதுக்குள்ள ரெண்டு சண்டையாவது வந்துரும்."

"தீப்பிடிச்ச அன்னைக்குப் போயிருந்தீங்களாண்ணே?"

சோணையின் சிரிப்பு போய்விட்டது. "போகலை. அன்னைக்குத்தான் எங்கக்கா ஓடிப்போச்சு."

அக்காவின் பேர் நாகவல்லி. வயது பதினேழு. ஊரில் தையல் கடை வைத்திருந்த தேவாவையும் அன்றைக்கே காணவில்லை. ஊர் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டது. அப்பா மகளைத் தலைமுழுகிவிட்டார்.

"தேவா மலேசியாவுக்குத் தனியாத்தான் போனான்னு பின்னால சொன்னாக. எங்கய்யா நம்பலை. அப்புறம் ஒருத்தர், அக்காவத் திருப்பூர்ல ரெண்டு புள்ளைகளோட பாத்தேன்னாரு. அதான் திருப்பூர் லோடு வந்தா யாருக்கும் விடமாட்டேன். கல்லை எறக்கிட்டு பஸ் ஸ்டாண்டுல கொஞ்ச நேரம் நிப்பேன்."

சத்தியப்பிரியா எழுதுவதை நிறுத்தினாள். "அன்னைக்கு என்ன உடுத்தியிருந்தாங்கண்ணே?"

"பச்சைத் தாவணி. அதுக்கு முந்துன தீவாளிக்கு எடுத்தது. ஏன் கேக்குறீக?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பியிருக்கலாம். அப்படிச் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. வீரணன் சொன்னதை அப்படியே சொன்னாள். சொல்லி முடித்ததும் ஏன் சொன்னோம் என்று இருந்தது.



"மறுநா தலையாரி எங்க வீட்டுக்கு வந்தாரு," என்றார் சோணை. "இத்தனை வருசமா அது எனக்கு ஞாபகத்துக்கே வரலை. 'கொட்டகையில ஒரு பொம்பளப்புள்ள கிடக்கு, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க'ன்னாரு. எங்கய்யா திண்டுக்கு முண்டா நின்னாரு. 'எம்மக எவனோடயோ போயிட்டா. அங்க கிடக்குறது எவன் மகளோ'ன்னுட்டாரு. ஆத்தா வெளிய வரப் பாத்துச்சு. கதவைச் சாத்திட்டாரு."

அன்று சாயங்காலமே இருவரும் வீரணனைக் கூட்டிக்கொண்டு கண்மாய்க்கரைக்குப் போனார்கள். அங்கே கரை இல்லை. மண்ணடித்து மேடாக்கி, வீட்டுமனைகளாகப் பிரித்து, வண்ணம் பூசிய கற்களை நட்டிருந்தார்கள். வீரணன் இங்கே அங்கே என்று நடந்தார். ஒரு வேலாமரம் நின்றது என்றார். அதையும் வெட்டியிருந்தார்கள்.

"எதுன்னு சொல்லத் தெரியலையேப்பா," என்றார்.

சோணை துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். "எங்குட்டுப் பாத்துக் கும்பிடுறது?" என்று கேட்டார்.

திரும்பி வரும்போது சத்தியப்பிரியாதான் பேசினாள். "அக்கா பேரை ஆய்வுல சேர்க்க ஆசைதாண்ணே. ஆனா தாவணி நிறத்தை மட்டும் வச்சு எழுதினா ஏத்துக்க மாட்டாங்க."

"எழுத வேணாம். எங்காத்தா இன்னும் இருக்கு." கொஞ்ச தூரம் போனதும் சொன்னார்: "வீடு வரைக்கும் வந்துட்டுப் போங்க. நான் தனியாப் போனா கொரலக் கேட்டே கண்டுபிடிச்சிரும்."

ஆத்தா உள்ளே கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கண் பார்வை மங்கல். காலேஜ் டீச்சர், பழைய கொட்டகைகளைப் பற்றி ஊர் ஊராக விசாரிக்கிறவர் என்று சோணை அறிமுகப்படுத்தினார். கிழவி கையை நீட்டிச் சத்தியப்பிரியாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நாலு ஊரு போறவ நீயி. திருப்பூர் பக்கம் போவியா, தாயி?"

"போவேன்."

"எம்மக நாகவல்லி அங்குட்டுத்தான் இருக்கா. பாத்தீன்னா வரச் சொல்லு. அவுகய்யா செத்துட்டாருன்னு சொல்லு. அவருக்குப் பயந்துக்கிட்டுத்தான் வராம இருக்கா. இங்க இப்ப யாரும் வைய மாட்டாகன்னு சொல்லு. புள்ளைகளையும் கூட்டிக்கிட்டு வரட்டும்."

சத்தியப்பிரியா சோணையைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சொல்றேன், ஆத்தா," என்றாள்.

கிழவிக்கு நிம்மதியாக இருந்தது. "டேய், இந்தப் புள்ளைக்குக் காப்பி போட்டுக் குடுடா," என்றாள். சோணை அடுப்படிக்குள் போனார். வெகுநேரம் அங்கிருந்து பாத்திரச் சத்தமே வரவில்லை. சத்தியப்பிரியா எழுந்து போய்ப் பார்க்க நினைத்தாள். ஆனால் ஆத்தா அவள் கையை விடவில்லை.

"அவளுக்கு இப்பத் தலை நரைச்சிருக்கும்ல?"

"நரைச்சிருக்கும், ஆத்தா."

"அப்ப எனக்கு அடையாளம் தெரியாது," என்றாள் கிழவி. "நீதான் கூட இருந்து, இவதான்னு சொல்லணும்."