பூட்டிய வீட்டில் அடித்த சென்ட்

வீடு விற்றுக் கொடுப்பதும் வாடகைக்குப் பிடித்துக் கொடுப்பதும்தான் அவளுக்குத் தொழில். கைப்பை நிறைய அடுத்தவர் வீட்டுச் சாவிகள் குலுங்க நடப்பதால் எல்லோரும் அவளைச் சாவியக்கா என்றே கூப்பிட்டார்கள். அவளைவிட மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் சொன்னார்கள். அவளும் கண்டுகொள்வதில்லை.

கோடை வந்துவிட்டால் அந்தத் தொழில் ஆளைப் படுத்தி எடுத்துவிடும். லிஃப்ட் இல்லாத கட்டடங்கள், மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்து வெந்துபோன அறைகள், மாடியேறி வந்த பிறகு ‘கிழக்குப் பார்த்த ஜன்னல் இல்லையா’ என்று கேட்டுவிட்டு இறங்கிப் போகிறவர்கள். வாங்க வருகிறவர்கள் காரிலிருந்து குளுகுளுவென்று இறங்குவார்கள். இவள் முதுகில் துணி ஒட்ட, நாலு கட்டடம் ஏறி இறங்கி வந்து நிற்பாள். ஒருமுறை படியில் பின்னால் வந்த பெண்மணி கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டதைப் பார்த்துவிட்டாள். அன்றைக்கே போய் சென்ட் வாங்கினாள்.

கடைக்காரப் பெண் கெட்டிக்காரி. வெயில் காலத்துக்குக் கனத்த வாசனை ஆகாது, வியர்வையோடு சேர்ந்தால் அழுகின பூ மாதிரி ஆகிவிடும் என்று சொல்லி, லேசான ஒன்றை எடுத்து மணிக்கட்டில் அடித்தாள். எலுமிச்சைத் தோலைக் கிள்ளினது போலச் சுரீரென்று முதலில் ஒரு வாசம். அது அடங்கினதும் அடியிலிருந்து குங்குமப்பூ மெல்ல எழுந்து வந்தது, சூடான பாலில் போட்டது மாதிரி. சாவியக்காவின் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பயந்து வியர்க்கும் மனிதர்களுக்குப் பக்கத்தில் பகலெல்லாம் உட்கார்ந்து மூக்கு மரத்துப்போனவர். அவரே அன்று சாயந்தரம் தலையைத் தூக்கி, பக்கத்து ரூமில் யாராவது பழம் உரிக்கிறார்களா என்று கேட்டார். அதன்பிறகு சென்ட் போடாமல் அவள் வெளியே கிளம்பியதில்லை.

வெயில் கொளுத்திக்கொண்டிருந்த சமயத்தில்தான் அந்த மூன்றாம் மாடி வீடு வந்து சேர்ந்தது. வீட்டுக்காரருக்கு ஐம்பதை ஒட்டிய வயது, மருந்துக் கம்பெனியில் பெரிய வேலை. மழமழவென்று சவரம் செய்த முகம். நகத்தில் ஒரு பொட்டு அழுக்கு கிடையாது. அப்பா காலமாகிவிட்டார், வீடு சும்மா கிடக்கிறது, சீக்கிரம் தள்ளிவிட வேண்டும் என்றார். கார் பக்கத்தில் நின்றபடியே சாவியைக் கொடுத்தார். நீங்களும் மேலே வந்து காட்டுங்களேன் என்றதற்கு முட்டி வலி என்றார்.

கதவைத் திறந்ததும் புதுப் பெயின்ட் வாடை முகத்தில் அடித்தது. அதற்குப் பின்னால் பினாயில். அலமாரிகளில் கைப்பிடி கைப்பிடியாக அந்துருண்டை. ஹாலைத் தாண்டிப் பின்னறைக்குள் கால் வைத்தபோது இவை எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து வேறொன்று வந்தது. அங்கே தரையில் ஒரு கட்டில் அளவுக்கு மட்டும் புதிதாகக் கல் பதித்திருந்தார்கள். அவள் ஜன்னல்களைத் திறந்துவிட்டு வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். மரச்சட்டத்துக்குப் பின்னால் எலி ஒன்று செத்துக் கிடந்ததாகவும், எடுத்துச் சுத்தம் செய்தாகிவிட்டது, வாடை மட்டும் கொஞ்சம் பாக்கி என்றும் சொன்னார்.

செத்த எலி அவளுக்குப் புதிதில்லை. அந்த நாற்றம் மூக்கில் குத்தும், நாலு நாளில் காய்ந்து போய்விடும். இது குத்தவில்லை. ஈரமாக, கொழகொழவென்று, கொஞ்சம் இனிப்பாகக்கூட இருந்தது. தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டது. ஆனாலும் சொந்தக்காரர் வாயாலேயே எலி என்று சொல்லும்போது இல்லை என்று சொல்ல அவள் யார்?

“சாவி வாங்கறப்ப உங்க மேல ஒரு வாசனை வந்துச்சே,” என்றார் அவர். “அதையே கொஞ்சம் வீட்ல அடிச்சு விட்டுடுங்க. பாட்டிலுக்கு நான் பொறுப்பு.”

அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பையிலிருந்து பாட்டிலை எடுத்து ஹாலில் அடித்தாள், திரைச்சீலைகளில் அடித்தாள், பின்னறையில் மூலைக்கு மூலை அடித்தாள். அந்தச் சூட்டில் எலுமிச்சை வாசம் நின்று பேசக்கூட நேரமில்லாமல் பறந்துவிட்டது. குங்குமப்பூ மட்டும் தங்கியது. தங்கினது அந்த நாற்றத்தோடு கைகோத்துக்கொண்டது. எது சென்ட், எது மற்றது என்று கொஞ்ச நேரத்தில் அவளாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது முகத்தைத் துடைக்கக் கையைத் தூக்கினாள். மணிக்கட்டில் அந்தப் பின்னறை இருந்தது.

மறுநாள் ஒரு தம்பதி வந்து பார்த்தார்கள். அவனுக்குப் பாங்கில் வேலை, அவள் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவள். இருவருக்கும் வீடு பிடித்துப்போயிற்று. வீடு என்ன வாசனையாக இருக்கிறது என்று மனைவி இரண்டு தடவை சொன்னாள். பின்னறையைப் பார்த்ததும் அவன், இது அம்மாவுக்குச் சரியாக இருக்கும், ஒதுக்கமாக இருக்கிறது, நம் தொந்தரவு அவர்களுக்கு இருக்காது என்றான். அம்மாவைக் கூட்டிக்கொண்டு இன்னொரு தடவை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர்களை அனுப்பிவிட்டுப் படியிறங்கும்போது இரண்டாம் மாடிக் கதவு திறந்தது. பல் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள் நின்றுகொண்டிருந்தார்.

“மேல சென்ட் அடிக்கிறது நீயாம்மா?”

ஆமாம் என்றாள் சாவியக்கா.

“அடிக்காதம்மா. அந்த நாத்தமாவது எனக்குப் பழகிப்போச்சு. இதோட சேந்து வர்றதத் தாங்க முடியல.”

எலி செத்த வாடைதான், இன்னும் இரண்டு நாளில் போய்விடும் என்று சாவியக்கா சமாதானம் சொன்னாள். நர்ஸம்மா கதவை அகலத் திறந்தார்.

“எலின்னா சொன்னான்?”

கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். தன் பின்னறையில் நிறுத்தி, கூரையைக் காட்டினார். அங்கே ஒரு வட்டம் மட்டும் பளிச்சென்று புது வெள்ளையாக இருந்தது. மேலே கிழவர் தனியாக இருந்தார் என்று ஆரம்பித்தார். வெயிலுக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் சாத்திக்கொண்டு படுக்கிறவர். ஒருநாள் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஒரு வாரத்துக்கு மேல் யாருக்கும் தெரியாது. மகன் இதே ஊரில்தான் இருக்கிறான். போன் அடித்தானாம், எடுக்கவில்லையாம், தூங்குகிறார் என்று நினைத்தானாம்.

“கூரையில பழுப்பா ஒரு கறை வந்துச்சு. அப்புறம் சொட்ட ஆரம்பிச்சுது. தண்ணிக் குழாய்தான் ஒழுகுதுன்னு நெனச்சு நான் வாளி வச்சேம்மா. ரெண்டு நாள் வாளி வச்சிருந்தேன்.”

சாவியக்கா வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். நர்ஸம்மாவின் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு காலையில் சாப்பிட்டதை எல்லாம் வெளியே கொட்டினாள். முடிந்தது என்று நினைத்து வாயைத் துடைக்கக் கையை முகத்தருகே கொண்டுபோனாள். மணிக்கட்டிலிருந்து குங்குமப்பூ எழுந்து வந்தது. மறுபடி புரட்டிக்கொண்டு வந்தது. வெறும் மஞ்சள் நீர்தான் வந்தது, குடலே வெளியே வந்துவிடும்போல இருந்தது. நர்ஸம்மா அவள் முதுகை நீவிக்கொண்டே மிச்சத்தையும் சொல்லி முடித்தார். மகன் வந்தபோது உள்ளே போகவில்லை. பாதிப் படியில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று, பெயின்ட் அடித்தால் போய்விடுமா என்று வேலையாட்களைக் கேட்டான்.

தெருவுக்கு வந்ததும் வீட்டுக்காரருக்குப் போன் செய்தாள். பெற்ற அப்பாவைப் போய் எலி என்று எப்படி வாய் கூசாமல் சொன்னீர்கள் என்று கேட்டாள். அவருக்குக் கோபம் வரவில்லை. எத்தனை வேளை மாத்திரை போட வேண்டும் என்று விளக்குகிற குரலில் பதில் சொன்னார்.

“வேற என்னன்னு சொல்றது? எலின்னா யாரும் மேல கேக்க மாட்டாங்க. நீங்களும் கேக்கலையே.”

அவள் போனை வைத்தாள். இறந்தவர் மேல் தான் மூலைக்கு மூலை சென்ட் அடித்துப் பூசி மெழுகினதும், மேல் கேட்காமல் போனதற்கு இந்த ஆளின் பாராட்டுதான் காரணம் என்பதும் அவளுக்கு உறைத்தது.

வீட்டுக்குப் போய்க் குளித்தாள். சோப்பு கரையக் கரையத் தேய்த்தும் காதுக்குப் பின்னால் அது இருப்பதாகவே பட்டது. கணவரைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னாள். சோப்பு வாசனைதான் வருகிறது என்றார். அவள் நம்பவில்லை. தட்டில் போட்ட சாப்பாட்டைப் பார்த்ததும் எழுந்து போய்விட்டாள். பாட்டிலை எங்காவது போட்டுவிட்டு வாருங்கள் என்றபோது, எதையும் வீணாக்காத மனிதர், பாதிக்கு மேல் இருக்கிறதே, யாருக்காவது கொடுக்கலாமே என்றார். அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் பாட்டிலைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு தெருமுனைக் குப்பைத்தொட்டிவரை போய்விட்டு வந்து, வெகுநேரம் கை கழுவினார்.

சாவியைத் திருப்பிக் கொடுத்துத் தலைமுழுகிவிடு என்பதுதான் அவர் சொன்ன யோசனை. அவளும் அதைத்தான் நினைத்தாள். ஆனால் தான் விலகினால் வேறொரு தரகர் வருவார், அவர் வேறொரு பாட்டிலை எடுத்து அடிப்பார். பாங்குக்காரனின் அம்மாவுக்கு அந்தப் பின்னறையில் ஒதுக்கமாகக் கட்டில் போட்டுவிடுவார்கள். சாவியைத் திரும்பவும் கைப்பையிலேயே போட்டுக்கொண்டாள்.

சொன்ன நாளில் தம்பதி அம்மாவோடு வந்தார்கள். சாவியக்கா எதையும் பூசிக்கொள்ளாமல், எல்லா ஜன்னலையும் திறந்து வைத்துவிட்டு நின்றாள். அம்மா சிறிய உருவம். மூச்சு வாங்க மாடியேறி வந்தவர், சுவரைப் பிடித்துக்கொண்டே நேராகப் பின்னறைக்குப் போய் ஜன்னல் திட்டில் உட்கார்ந்துகொண்டார். ஹாலில் நின்ற மருமகள் மூக்கை உறிஞ்சி, அன்றைக்கு ஒரு வாசனை இருந்ததே, இன்றைக்கு என்னவோ மாதிரி இருக்கிறதே என்றாள்.

அது என் சென்ட் என்றாள் சாவியக்கா. எதற்கு அடித்தேன் என்பதையும் சொன்னாள். கிழவர், மூடின ஜன்னல்கள், கீழ் வீட்டுக் கூரை, வாளி எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள்.

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு வாசல்படிவரை பின்வாங்கினாள். அவன் முகமும் வெளுத்துத்தான் போயிற்று. ஆனால் சீக்கிரமே ரத்தம் திரும்பிவிட்டது. சாவியக்காவைச் சமையலறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போய், புதினா மிட்டாய் மணக்கும் வாயை அவள் காதருகே கொண்டுவந்து கேட்டான்.

“அப்படின்னா வெலைய நல்லா எறக்குவாரு இல்ல?”

அவள் அவனைப் பார்த்தாள்.

“அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அவங்களுக்கு எப்பவும் சளி. வாசனையே தெரியாது.”

பின்னறை நாற்றத்தை ஜன்னலைத் திறந்துவிட்டாவது ஒப்பேற்றலாம். சுத்தமான சட்டையும் மிட்டாய் மூச்சுமாக இவ்வளவு பக்கத்தில் வந்து நின்ற இந்த நாற்றத்துக்கு எந்த ஜன்னலைத் திறப்பது? அவன் மூச்சுப் பட்ட காதை அவள் தோளில் தேய்த்துத் துடைத்துக்கொண்டாள். மனைவிக்கும் அவன் சொன்னது கேட்டிருக்கும். அவள் தரைக் கல்லை முழுக்க மாற்றித் தருவார்களா என்று மட்டும் கேட்டாள்.

சாவியக்கா பின்னறைக்குப் போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அதே கதையைத் தாழ்ந்த குரலில் சொன்னாள். அம்மா குறுக்கே பேசாமல் கேட்டார்.

“அவருக்குப் புள்ளைங்க இல்லையாம்மா?”

“ஒரு மகன் இருக்காரு. இதே ஊர்லதான்.”

அம்மா நிமிர்ந்து, கதவருகே வந்து நின்ற தன் மகனைப் பார்த்தார். அவன் புதுக்கல்லைப் பார்த்தான்.

“எறங்கலாம்,” என்றார் அம்மா.

படியில் அவன் சாவியக்காவைக் கடித்துக் குதறினான். வீட்டைக் காட்டுவதுதானே உங்கள் வேலை, வயதானவர்களைப் பயமுறுத்துவது என்ன பிழைப்பு என்றான். அம்மா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தார். மகன் நீட்டிய கையை அவர் பிடிக்கவில்லை.

வீட்டுக்காரர் டிரைவரை அனுப்பிச் சாவியை வாங்கிக்கொண்டார். சாவியக்காவுக்கு வாயில் பூட்டு கிடையாது என்று அவர் நாலு இடத்தில் சொல்லிவிட, அந்தக் கோடை முழுக்க அவள் பை இலேசாகவே இருந்தது. அந்த சென்ட்டை வேறு அப்போது ஊரே பூசிக்கொண்டு திரிந்தது. பஸ்ஸில் பக்கத்தில் வந்து நிற்கும் பெண்ணிடமிருந்து எலுமிச்சை கிளம்பினால், குங்குமப்பூ எழுவதற்குள் இறங்கிவிடுவாள். வெயிலில் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பாள். சென்ட் வாங்கின அந்தக் கடை இருக்கும் தெருவுக்கே போவதை விட்டுவிட்டாள்.

மழைக்கு முன்னால் நர்ஸம்மா போன் செய்தார். வேறொரு தரகர் மூலம், விலை குறைத்து, அதே தம்பதி அந்த வீட்டை வாங்கிக் குடிவந்துவிட்டார்களாம். அம்மாவும் வந்திருக்கிறாராம். வேறு எங்கே போவார்? சாவியக்கா அவசரமாக, பின்னறையிலா என்று கேட்டாள்.

“அதுக்குள்ள காலே வைக்க மாட்டேன்னுட்டாங்க. ஹால்ல, வாசக்கதவ ஒட்டிக் கட்டிலப் போடச் சொல்லி அங்கதான் படுத்திருக்காங்க. மகன் என்ன கெஞ்சியும் நகரலையாம். வர்ற விருந்தாளிங்க எல்லாம் மொதல்ல அவங்களத்தான் பாக்கணும்.”

காலையில் ஆபீசுக்குக் கிளம்பும்போது மகன் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் உடம்பை ஒடுக்கிக்கொண்டுதான் வெளியே போகிறானாம். அம்மா தினமும் விழித்துக்கொண்டு படுத்தபடி, அவன் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம்.