பேட்டரி திருப்பித் தள்ளும்

தனுஷிகாவுக்கு இரண்டு நாளாக இருப்புக் கொள்ளவில்லை. தோட்டமே மெச்சும்போது இவளுக்கு என்ன கேடு என்று அம்மா பேச்சியம்மா ஏசினாள்.

மெச்சக் காரணம் இருந்தது. கந்தப்பளைக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்தில் நோயாளிகளை ஏற்றிப்போக இருப்பது பேட்டரியில் ஓடும் ஒரே ஒரு வேன். அதன் பழைய சார்ஜர் தோசைக்கல்லாய்ச் சுடும். கரண்டில் ஒரு பங்கு டயோடுகளிலேயே சூடாய்ப் போய்விடும். தனுஷிகா டயோடுகளைத் தூக்கி எறிந்துவிட்டு, சுவிட்ச் மாதிரி நேரம் பார்த்துத் திறந்து மூடும் மொஸ்பெட்டுகளை வைத்துப் புதிதாக ஒன்று செய்தாள். நூறு ஆம்பியர் ஓடியும் கை வைக்கலாம். தொழிலாளர் லயத்துப் பிள்ளை செய்தது என்று ஆபீஸ் கிளாக்கரையா கஜேந்திரன் வருகிறவர்களுக்கெல்லாம் தொட்டுக் காட்டினார்.

கோளாறு அவளுக்கு மட்டும்தான் தெரியும், அதுவும் வேனுக்கு மாட்டிக் கொடுத்த பிறகு. இருப்பது ஒரே வேன், அதன் பேட்டரியைச் சோதனைக்குக் கழற்றித் தருவார்களா? பீலியில் கொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்து, கரண்ட் அடுப்புக் கம்பியை அதில் போட்டுத்தான் சோதித்தாள். கம்பி கரண்டை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். பேட்டரியோ திருப்பித் தள்ளும். மெயின் கரண்ட் போகும் கணத்தில் மொஸ்பெட் திறந்தே இருந்தால் பேட்டரிக் கரண்ட் முழுப் பலத்தோடு சார்ஜருக்குள் பாயும். டயோடு என்றால் விடாது, இது விடும். சார்ஜர் வெடிக்கும், வேனே எரிந்தாலும் எரியும். பாவி மகள், இதை முதலிலேயே யோசித்திருக்கக் கூடாதா!

மழை இருட்டினால் கரண்ட் போகும் என்பது அங்கே சின்னப்பிள்ளைக்கும் தெரியும். சொன்னால் பெயர் போகும். இரண்டு நாள் வாயைத் திறக்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு திரிந்தாள். பெயர் மேல் ஆசைதான், வேறென்ன.

மூன்றாம் நாள் பின்னேரம் மேற்கே கறுத்தது. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஆபீசுக்கு ஓடினாள். வேன் சார்ஜில் நின்றது. பேட்டரி வயரைப் பிடுங்கினாள். இரண்டு நிமிடம் கழித்துப் பல்புகள் அணைந்தன.

கிளாக்கரையா சிரித்துக்கொண்டே வந்தார். சார்ஜர் மேல் இவ்வளவு பாசமா என்றார். கரண்ட் வந்ததும் மாட்டிவிடச் சொன்னார். பக்கத்துத் தோட்டத்தாரும் பார்க்க வருகிறார்களாம். ஒன்றும் வெடிக்கவில்லை. அவள் தலையாட்டியிருந்தால் போதும், பெயர் நிற்கும்.

“மாட்டாதீங்க ஐயா. நான் பிழையா செஞ்சிட்டேன்.”

அவர் நம்பவில்லை. நன்றாகத்தானே ஓடியது என்றார். கரண்ட் இருந்தவரை ஓடியது, வயரைப் பிடுங்கியிராவிட்டால் இப்போது வெடித்திருக்கும் என்று எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு நாளாகத் தெரியும் என்பதையும் சொன்னாள். அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

“பழசு சூடாகுமே புள்ள?”

“சூடாகும் ஐயா. ஆனா நாளைக்கும் வேன் ஓடும்.”

கரண்ட் வந்ததும் பழைய சார்ஜரை அவளே மாட்டினாள். அது சுடத் தொடங்கிய பிறகுதான் அவளுக்குப் பசி தெரிந்தது.