வாசலுக்கு வெளியே நின்ற பேருந்து

பக்கக் கண்ணாடிகளை உள்ளே மடக்க நடத்துநரிடம் சொல்லிவிட்டு ஓட்டுநர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். இந்தப் பக்கம் நாலு விரற்கடை, அந்தப் பக்கம் நாலு விரற்கடை. பழைய நகரத்தின் அந்தக் கல்வாசலுக்குள் பதினெட்டு வருஷமாக நாளுக்கு ஆறு நடை பேருந்தை நுழைத்து எடுக்கிறார். அதனால் பயணிகள் அவருக்கு 'ஊசிநூல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயருக்குச் சிரிப்பார், வாசலை மட்டும் வாய்க்கு வந்தபடி திட்டுவார்.

மாற்று ஓட்டுநர் ஒருவர் போன மாதம் வாசலில் உரசி மூலைக்கல்லைப் பெயர்த்துவிட்டார். அதோடு வாசலையே இடித்துவிடலாம் என்ற பேச்சு கிளம்பியது. நகராட்சிப் பொறியாளர் அம்மா முதலில் தேடி வந்தது இவரைத்தான்.

"உங்க கஷ்டத்தை ரெண்டு வரி எழுதிக் கொடுங்க. கூட்டத்துல படிச்சிடறேன்."

எழுத உட்கார்ந்தபோதுதான் வாசலின் அகலம் சரியாக எத்தனை அடி என்று தெரியாதது உறைத்தது. மதிய ஓய்வில் அளவு நாடாவோடு போனார். வாசலுக்குள் அவர் நடந்து போனது அதுதான் முதல் தடவை. இத்தனை நாளும் கண் இரண்டும் சுவரிலேயே இருந்ததால் மேலே பார்த்ததே இல்லை. உள்கூரை முழுக்கச் செங்கல். பாய் முடைந்த மாதிரி சாய்ந்த வரிசைகள், ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நின்றன. உத்தரம் கிடையாது, கம்பி கிடையாது. இத்தனை வருஷம் இந்தப் பாரம் தலைக்கு மேலே சும்மாவா நின்றது? கைக்கெட்டும் உயரத்தில் ஒரு செங்கல்லில், சுடுவதற்கு முன் அழுந்திய மூன்று விரல் தடங்கள் இருந்தன. தன் விரலை வைத்துப் பார்த்தார். சேரவில்லை, தடம் சின்னது. பெண்பிள்ளை கையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். நாடா சட்டைப்பையைவிட்டு வெளியே வரவே இல்லை.

பள்ளிக்கூடத்து அறையில் கூட்டம். ஒரு இளம் தகப்பன் எழுந்தான். "என் பொண்ணுக்கு மூச்சுத்திணறல். வாசல் வழியா வர முடியாம ஆம்புலன்ஸ் சுத்தி வந்ததுல பன்னிரண்டு நிமிஷம் போச்சு. பொழைச்சிட்டா. அடுத்த தடவை?"

ஓட்டுநரைக் கூப்பிட்டார்கள்.

"கஷ்டந்தான், இல்லேன்னு சொல்லலை," என்றார். "ஆனா அன்னைக்கு ஆம்புலன்ஸை மறிச்சது வாசல் இல்ல தம்பி. உள்ள மாட்டிக்கிட்டு நின்ன என் வண்டி. பஸ்ஸை வெளியவே நிறுத்திடறேன். எல்லாரும் இறங்கி நடந்து வாங்க. சின்ன வண்டி எல்லாம் தாராளமா போகும். வாசலை இடிக்க வேண்டாம்."

"நீங்க சொல்லிடுவீங்க," என்றார் மளிகைக்கடைக்காரர். "நடக்க முடியாதவங்க?"

எல்லோர் பார்வையும் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த தையல்கார அக்காவிடம் போனது. அவளுக்கு அது பிடிக்கவில்லை.

"என்னைச் சாக்கு வைக்காதீங்க. நான் நடப்பேன். கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான்."

இளம் தகப்பன் அவள் ஊன்றுகோலைப் பார்த்துவிட்டு, "ஒரு மாசம் பார்ப்போம்," என்றான். பொறியாளர் அம்மா குறித்துக்கொண்டார்.

முதல் நாள் பாதிப் பேர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். அக்கா கடைசியாக இறங்கினாள். வாசலின் நடுவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு, திரும்ப அடி எடுத்துவைக்க நேரமானது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமோ?

மறுநாள் காலை அதே இடத்தில், சுவரோரமாக ஒரு மரநாற்காலி இருந்தது. யார் வைத்தது என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த நாள் அதன் பக்கத்தில் ஒரு நீலப் பிளாஸ்டிக் நாற்காலி. வாரம் முடிவதற்குள், ஒரு கால் கயிற்றால் கட்டப்பட்ட முக்காலி ஒன்றும், முதுகில் மளிகைக்கடையின் பெயர் எழுதிய பெஞ்சு ஒன்றும் வந்துவிட்டன.

மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார். அக்கா பெஞ்சில் உட்கார்ந்து ஊன்றுகோலை மடியில் கிடத்தியிருந்தாள். அவளைத் தாண்டிப் போகப் பார்த்த இரண்டு பேர், அவள் அண்ணாந்து எதைப் பார்க்கிறாள் என்று தாங்களும் தலையை நிமிர்த்தி, நடுவாசலில் அப்படியே நின்றார்கள்.