ஓடைக்கு இக்கரையில் பூசணி

ஹாலோவீன் பண்டிகை முடிந்த ஞாயிறு காலை, ஊர்ச் சதுக்கத்தில் பூசணிக்காய் மலையாகக் குவிந்து கிடந்தது. கண்ணும் பல்லும் குடைந்த காய்கள். சிரித்துச் சிரித்தே தாடை தொங்கிப்போனவை. மெழுகுவர்த்தித் துண்டுகளைச் சுரண்டி, சாயம் பூசியவற்றை ஒதுக்கியாயிற்று. மீதியெல்லாம் பண்ணைக்காரி கொரினுடைய பன்றிகளுக்கு. பனி விழுமுன் அவை கொழுப்பது இந்தத் தீனியால்தான். இந்த வருஷமோ பழுதுபார்க்கவென்று ஓடைப் பாலத்தைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். பண்ணை அக்கரையில், பூசணி இக்கரையில். நடுவே ஆள் நடக்க ஒற்றைப் பலகை.

"மத்தியானம் குப்பை லாரி வந்துடும், கொரின்," என்றார் ஊர் அலுவலகத்து ஆர்டித் அம்மா. "அதுக்குள்ள எடுத்தா உன்னோடது. இல்லேன்னா எல்லாம் குப்பைக் குழிக்குத்தான்."

கொரின் குவியலையும் ஒற்றைப் பலகையையும் மாறி மாறிப் பார்த்தாள். தம்பி லைலுக்கோ முகமெல்லாம் பல்.

"அக்கா, என் கவண் எதுக்கு இருக்கு?"

பூசணி எறியும் போட்டிக்காக அவன் கட்டிய கவண்பொறி, சதுக்கத்து ஓரத்தில் ஓடையைப் பார்த்து வீட்டு உயரம் நின்றது.

"போட்டியில நீ எறிஞ்சது பின்பக்கமா போய் என் கார் மேல விழுந்துச்சே!" என்றார் ஆர்டித்.

"அது காத்தும்மா."

"என் கண்ணாடியை உடைச்சதும் காத்துதானா?"

லைல் கயிற்றை இழுத்தான். முதல் காய் ஓடையைத் தாண்டி, வயலில் விழுந்து சிதறியது. பன்றிகள் காதை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தன. ஊரே விசிலடித்தது. கொரின் குதித்தேவிட்டாள்.

அடுத்தது குடைந்த காய். மேலே போனதுமே கண் ஒரு பக்கம், பல் ஒரு பக்கமாகப் பிய்ந்து ஓடையில் கொட்டியது. அடுத்ததும் அப்படியே.

"டேய், நீ குடைஞ்ச காயை எறிஞ்சு பார்த்திருக்கியாடா?"

லைல் தலையைச் சொறிந்தான். "போட்டியில முழுக்காய்தானே அக்கா எறிவோம்..."

"இங்க முழுசா இருந்தது அந்த ஒண்ணுதான்டா! மீனுக்கா விருந்து வைக்கிற?"

தெருமுனையில் லாரியின் ஹாரன் கேட்டது. கொரின் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் அக்கரையில் 'தொப்' என்று ஒரு சத்தம். பெரிய பெண்பன்றி தண்ணீரில் இறங்கிவிட்டது. மிதந்த துண்டுகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டே நீந்தி, இக்கரை ஏறி, மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்தது. பின்னாலேயே மொத்தக் கூட்டமும் கரையேறியது. வந்த வேகத்தில் குவியலுக்குள் பாய்ந்தன. ஒன்று பூசணியைத் தலையில் மாட்டிக்கொண்டு சதுக்கத்தைச் சுற்றி ஓடியது. ஆர்டித் பெஞ்சின் மேல் ஏறிக்கொண்டார்.

லாரிக்காரர் கண்ணாடியை இறக்கினார். "இதுல எதைம்மா நான் அள்ளணும்?"

"பூசணியைத்தான்," என்றார் ஆர்டித், சிரிப்பை அடக்க முடியாமல். "அதுங்ககிட்ட கேட்டு வாங்கிக்கங்க!"

பெண்பன்றி நிமிர்ந்து ஓர் உறுமல் உறுமியது. லாரி மெல்லப் பின்வாங்கிப் போயே போய்விட்டது.

"சரி, எப்ப ஓட்டிட்டுப் போவ?" என்று பெஞ்சின் மேலிருந்தே கேட்டார் ஆர்டித்.

கொரின் கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். "சாப்பிட்டு முடிக்கட்டும்மா. பந்தியில உட்கார்ந்தவங்களை பாதியில எழுப்பலாமா?"