ஒரு சொட்டுகூடச் சிந்தாமல்

படகின் அறைக்குள் தரைப்பலகையைத் தூக்கிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, மெக்கானிக் என்ஜின் பக்கத்தில் குப்புறப் படுத்திருந்தான். என்ஜின் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. எண்ணெய் சூடாகி இளகினால்தான் கைப்பம்பு வைத்து உறிஞ்ச வரும். அதுவரை வேறு வேலை இல்லை. இருந்தாலும் எழுந்து உட்கார மனமில்லாமல், டார்ச் அடித்து அந்த ஃபில்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். பால்பவுடர் டப்பா அளவில், என்ஜினின் பின்பக்கம், சுவரைப் பார்த்துப் படுக்கைவாக்கில் அது மாட்டப்பட்டிருந்தது. நிமிர்ந்து நின்றிருந்தால் கவலை இல்லை. படுத்திருப்பதால், திருகைத் தளர்த்திய உடனே உள்ளேயிருக்கும் கறுப்பு எண்ணெய் விளிம்பு வழியாகக் கொட்டத் தொடங்கிவிடும்.

கொட்டினால் நேராகக் கீழேயுள்ள குழிக்குத்தான் போகும். படகுக்குள் கசிகிற தண்ணீரெல்லாம் சேருகிற குழி அது. கொஞ்சம் நிறைந்ததும் ஒரு பம்பு தானாகவே ஓடி எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிடும். தண்ணீரா எண்ணெயா என்று அந்தப் பம்பு பார்ப்பதில்லை.

போன மாதம் வேறொரு படகில் அப்படித்தான் ஆனது. புது ஃபில்டரை மாட்டி அவன் என்ஜினை ஓட்டியதும் பின்னாலிருந்து எண்ணெய் பீய்ச்சியடித்தது. அவன் ஓடிப்போய் நிறுத்துவதற்குள் பம்பு தன் வேலையைச் செய்துவிட்டது. படகுத்துறைத் தண்ணீர் முழுக்கப் பளபளவென்று பல நிறத்தில் எண்ணெய் படர்ந்தது. துறைக்காரர்கள் வந்து சத்தம் போட்டார்கள். ஃபில்டரைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் அவனுக்கு விஷயம் புரிந்தது. பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அது தெரியாமல் அதன்மேலேயே புதியதை வைத்து இறுக்கியிருக்கிறான். கண்ணுக்கு எட்டாத இடம், தடவித்தான் பார்க்க வேண்டும். அவன் விரல்களோ தடித்தவை. பட்டறையில் அவனுக்குக் 'கரண்டி' என்றுதான் பெயர்.

சூப்பர்வைசர் அப்போது திட்டவில்லை. கொஞ்ச நாள் வீட்டில் இருக்கச் சொன்னார். அந்தக் கொஞ்ச நாள் நீண்டுகொண்டே போய், நேற்றுத்தான் கூப்பிட்டு அனுப்பினார். படகின் முதலாளி சாயங்காலம் விருந்தாளிகளோடு கடலுக்குப் போகிறார், அதற்குள் எண்ணெயும் ஃபில்டரும் மாற்றிவிட வேண்டும் என்றார். இந்தத் தடவை தண்ணீரில் ஒரு சொட்டு விழுந்தாலும் மறுபடி கூப்பிட மாட்டேன் என்பதையும் அதே அமைதியான குரலில் சொன்னார்.

மேலே வாளி வைக்கும் சத்தம் கேட்டது. அவன் மனைவி படியிறங்கி வந்தாள். படகுகளின் அறைகளைத் துடைத்துச் சுத்தம் செய்கிற பெண்களில் அவளும் ஒருத்தி. இன்றைக்கு இந்தப் படகு அவள் பங்கில் வந்திருந்தது. சட்டைக்குள்ளிருந்து மடித்த பொட்டலம் ஒன்றை எடுத்து அவன் முதுகின்மேல் போட்டாள். குழந்தைக்குக் கட்டுகிற டயப்பர். எண்ணெயை உறிஞ்ச இதைவிட நல்ல பொருள் கிடையாது என்று அவன் கேள்விப்பட்டிருந்தான். அவள் தங்கை வீட்டில் வாங்கி வந்தாளாம்.

"என்னக்கா, இந்த வயசுல விசேஷமான்னு கேட்டா. ஆமா, உன் மச்சான் இடுப்புக்குத்தான்னு சொல்லிட்டு வந்தேன்."

அவன் சிரித்ததில் டார்ச் ஆடியது.

என்ஜினை நிறுத்தினான். குழிப் பம்பின் ஸ்விட்சையும் மறக்காமல் அணைத்தான். எண்ணெய் அளவு பார்க்கிற கம்பியைச் செருகுகிற குழாய் வழியாகப் பழைய எண்ணெயை உறிஞ்சிக் கேனில் நிரப்பி, கேனை மூடி ஓரமாக வைத்தான். டயப்பரை விரித்து ஃபில்டருக்கு அடியில் தள்ளினான். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ரப்பர் பட்டை போட்ட ஸ்பேனரை மாட்டி, ஒரு இழுப்பில் ஃபில்டரை அசைத்தும்விட்டான். இனி பிளாஸ்டிக் பையை ஃபில்டருக்கு உறைபோல மாட்டி, பைக்குள்ளேயே திருகிக் கழற்ற வேண்டும். முழங்கை என்ஜினுக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. தோளைச் சாய்த்தான், மூச்சை அடக்கினான். பை மடங்கி மடங்கி நழுவியது.

அவள் வாளியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஈரத்துணியை வாளி விளிம்பில் போட்டுவிட்டு, கண்ணாடி வளையல்களைக் கழற்றி அவனிடம் கொடுத்தாள்.

"தள்ளுங்க. என் கை போகும்."

அவன் மறுக்கப் பார்த்தான். அவள் அதற்குள் குப்புறப் படுத்துவிட்டாள். வேறு வழியில்லாமல் அவளுக்குப் பின்னால் மண்டியிட்டு, எந்தப் பக்கம் திருக வேண்டும், பையின் வாயை எப்படி மேல்நோக்கி இழுத்துப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனான். அவசரப்படாதே என்று மட்டும் பல தடவை சொன்னான். சட்டி பானைக்குள் கையை விட்டுக் கழுவி வருகிறவளுக்கு அவசரம் எதற்கு என்று அவள் சுவரைப் பார்த்தே பதில் சொன்னாள். கை தோள்வரை உள்ளே போயிருந்தது. கன்னம் என்ஜினின் சூட்டில் சிவந்தது. பைக்குள் எண்ணெய் இறங்குகிற சத்தம் இருவருக்கும் கேட்டது. அவள் அசையாமல் காத்திருந்தாள். அது அடங்கியதும் மேலும் ஒரு சுற்றுத் திருகினாள். ஃபில்டர் பைக்குள் விழுந்தது. பையின் வாயை முறுக்கி, பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கைகளாலும் வெளியே எடுத்துக் கொடுத்தாள்.

அவன் பையைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தான். ஃபில்டரின் வாயில் வளையம் இல்லை. பையின் அடியிலும் இல்லை.

பையை மூடி வைத்துவிட்டு, "ஏம்மா, உள்ள விட்டுத் தடவிப் பாரு. வட்டமா ஏதாவது மேடு தெரியுதா?" என்று கேட்டான்.

அவள் விரல் நுனியால் சுற்றிவந்தாள். வழவழப்பாக இருக்கிறது என்றாள். இன்னொரு சுற்று வந்தாள்.

"இருங்க. ஒரு இடத்துல மெல்லிசா நூல் மாதிரி தூக்குது."

நகத்தை அதில் கொடுத்து நெம்பினாள். வழுக்கியது. மறுபடி நெம்பினாள். வளையம் ஒரு பக்கம் எழும்பி, சுருண்டு, அவள் விரலில் மோதிரம்போல் மாட்டிக்கொண்டு வெளியே வந்தது. அவன் அதைத் தன் உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தான். சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

மீதி வேலை சுலபமாக முடிந்தது. புது ஃபில்டரின் வளையத்தில் எண்ணெய் தடவிக் கொடுத்தான், அவள் மாட்டினாள். கையால் எவ்வளவு இறுக்க முடியுமோ அவ்வளவு போதும் என்றான். புது எண்ணெய் ஊற்றினான். என்ஜினை ஓட்டும்போது இருவரும் தலையோடு தலை முட்ட என்ஜினின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதுவும் கசியவில்லை. டயப்பரில் கையளவு கறுப்புத்தான் பட்டிருந்தது. அவள் எழுந்து, தான் படுத்திருந்த இடத்தைத் துடைத்தாள். அவன் வளையல்களை அவள் கையில் தானே மாட்டிவிட்டான். எண்ணெய்ப் பிசுக்கில் அவை வழுக்கிக்கொண்டு போயின.

சூப்பர்வைசர் வந்து வெள்ளைக் காகிதத்தை என்ஜினுக்கு அடியில் வைத்து எடுத்துப் பார்த்தார். பம்பை ஓடவிட்டு, வெளியே போய்த் தண்ணீரையும் பார்த்தார். மெக்கானிக்கின் முதுகில் தட்டினார். இனி இந்த மாதிரி வேலையெல்லாம் உனக்குத்தான் என்றார். மெக்கானிக் தயங்கி, கழற்றி மாட்டியதெல்லாம் அவள்தான் என்றான். சூப்பர்வைசர் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தார். நல்ல மனிதர்போலத்தான் சிரித்தார். அப்படியென்றால் தேவைப்படும்போதெல்லாம் அவளையும் கூப்பிட்டுக்கொள் என்றார். அவளுக்கும் அதற்குத் தனியாக ஏதாவது போட்டுக் கொடுக்க முடியுமா என்று மெக்கானிக் கேட்டான்.

"எதுக்குய்யா தனியா? ரெண்டும் ஒரே வீட்டுக்குத்தானே போகுது."

இருவருக்கும் வேலை கெட்டியானதே பெரிதாகப் பட்டது. இரவுக்கு என்ன சமைக்கலாம், தங்கை வீட்டுக்கு ஒரு கட்டு டயப்பர் வாங்கிக் கொடுக்க வேண்டாமா என்று பேசிக்கொண்டே துறையின் குழாயில் கை கழுவினார்கள். அவளுக்குச் சோப்புப் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் கறுப்பும் கையில் எண்ணெய் வாடையும் போகவில்லை.

துறை வாசலில் மெக்கானிக்குகள் அப்படியே வெளியே போகலாம். சுத்தம் செய்கிற பெண்கள் மட்டும் வரிசையில் நின்று பையைத் திறந்து காட்ட வேண்டும். அவன் வெளியே போய், எதிர்க்கடையில் இரண்டு டீ சொன்னான். அவள் முறை வந்தது. வாட்ச்மேன் அவள் பையைப் பார்த்தார். பிறகு மூக்கைச் சுருக்கி அவள் கைகளைப் பார்த்தார். படகுகளிலிருந்து யாரோ டீசல் திருடுகிறார்கள் என்று ஏற்கெனவே பேச்சு இருந்தது.

அவள் நடந்ததைச் சொன்னாள். வெளியேயிருந்து அவனும் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு சொன்னான். வாட்ச்மேன் இருவர்மேலும் கோபப்படவில்லை. சூப்பர்வைசருக்கு போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் முதலாளியின் விருந்தாளிகளோடு இருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள்.

"அவர் வர்ற வரைக்கும் அப்படி ஓரமா நில்லும்மா. கையை மட்டும் துடைச்சிடாத. அவர் பாக்கணும்."

அவள் ஓரமாக நின்றாள். மற்றப் பெண்கள் ஒவ்வொருவராகப் பையைக் காட்டிவிட்டு வெளியே போனார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் அவன் இரண்டு கைகளிலும் டீக் கிளாசைப் பிடித்தபடி நின்றான். அவள் சட்டையில் பட்டுத் துடைபட்டுவிடாமல் பத்து விரல்களையும் விரித்து, கைகளை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.