பஞ்சர்காரனின் கட்டைவிரல்

கறிக்கடைக்காரர் சிறை ஊழியத்துக்குப் போன முதல் ஞாயிற்றுக்கிழமை, ஒரு கைதியின் கையைப் பிடித்து ஜெபித்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய வலது விலாவில் கத்திக்குத்து விழுந்தது. குத்தியவர் யாரும் இல்லை, கத்தியும் இல்லை. அந்த வாரம் கறி விலை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவர் பாதியில் நிறுத்தாமல் ஆமென் வரைக்கும் சொல்லி முடித்துவிட்டுச் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். காலமெல்லாம் கத்தி பிடித்தவருக்கு வெட்டைப் பார்த்தால் விவரம் தெரியாதா? குறுகலான கத்தி, கீழிருந்து மேலாக, இடக்கைக்காரன் செய்த வேலை. எதிரே நின்ற கைதி தன் இடக்கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். யாரிடமும் என்ன குற்றம் செய்தாய் என்று கேட்கக் கூடாது என்பது ஊழியத்தில் கண்டிப்பான சட்டம். கறிக்கடைக்காரர் கேட்கவில்லை. கேட்கவேண்டிய தேவை அவருக்கு அதற்குப் பிறகும் வரவில்லை.

இந்த ஊழியத்துக்கு அவராக ஆசைப்பட்டு வரவில்லை. அவருடைய சபையில் ஆராதனை முடியும்போது எல்லாரும் கண்ணை மூடிக்கொள்ள, அழைப்பை உணர்கிறவர்கள் கையைத் தூக்க வேண்டும். தூக்கின கை தூக்கினதுதான், பிறகு பேச்சு மாறக் கூடாது. சிறைக்குப் போக யார் இருக்கிறீர்கள் என்று போதகர் கேட்ட அன்றைக்கு ஒரே ஒரு கைதான் மேலே இருந்தது. அவர் ஈயைத்தான் ஓட்டினார், கறிக்கடைக்காரரை ஈ விடுமா என்று சபையில் இன்றைக்கும் சிரிப்பவர்கள் உண்டு. அவர் மட்டும் தன் தம்பி மனைவியிடம் வேறு மாதிரி சொன்னார். யாரோ மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினார்களாம். அப்போதுதான் கழுவிவிட்டு வந்ததுபோல அந்தக் கை ஈரமாக இருந்ததாம். அதைக் கேட்டு அவள் சந்தோஷப்படவில்லை, ஏனென்றால் அந்தச் சிறையின் கடைசி பிளாக்கில்தான் பஞ்சர்காரன் இருந்தான்.

பஞ்சர்காரன் ஒரு காலத்தில் கறிக்கடைக்கு எதிரே கடை போட்டிருந்தவன். பழைய டயர்களைக் கறிக்கடை வாசலில் அடுக்குவான். கறிக்கடைக்காரரின் தம்பி அவற்றை ரோட்டில் உருட்டிவிடுவான். மாதக்கணக்கில் நடந்த இந்த விளையாட்டு ஒருநாள் முற்றிப்போய், பஞ்சர்காரன் கடைக்குள் பாய்ந்து வெட்டுக்கட்டையில் இருந்த கத்தியை எடுத்துத் தம்பியின் கழுத்தில் ஒரே இழுப்பாக இழுத்தான். அன்று காலையில் அண்ணன் சாணை பிடித்து வைத்த கத்தி அது. ரத்தம் தராசுத்தட்டில் விழுந்து, தட்டு ஒருபக்கமாகத் தாழ்ந்ததை வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

சிறையில் அவருக்கு விழுந்த காயங்களை வரிசையாகச் சொன்னால் கேட்பவருக்குச் சாப்பாடு இறங்காது. கோடாலி தோளில் இறங்கியது. இரும்புக் கம்பி முழங்காலை நொறுக்கியது. மனைவியை எரித்தவனின் கையைப் பிடித்தபோது முதுகில் தோல் கொப்பளித்து உரிந்தது. பெற்ற பிள்ளையைத் தண்ணீர்த்தொட்டியில் அமுக்கியவனுக்காக ஜெபித்தபோது மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் தண்ணீர் கொட்டி, வார்டர்கள் அவரைக் குப்புறப் போட்டு முதுகில் குத்தித்தான் மூச்சு வரவைத்தார்கள். எல்லாம் புதன்கிழமைக்குள் ஆறிவிடும், வியாழக்கிழமை கடை திறப்பார். சட்டைகளைத் துவைப்பது தம்பி மனைவி. ரத்தக்கறைக்குப் பச்சைத் தண்ணீர்தான், வெந்நீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியும். "இன்னைக்கு யாரோடது மாமா?" என்று கேட்டுக்கொண்டே அலசுவாள். எவளோ ஒருத்தியின் ரத்தம், எந்த வீட்டுப் பிள்ளையுடைய ரத்தமோ, அவள் கையில் கரைந்து சாக்கடையில் போகும். ஆனால் ஒன்றை மட்டும் வாரம் தவறாமல் சொல்லி அனுப்புவாள். "அவன் கையை மட்டும் தொட்டீங்கன்னா, இந்த வீட்டுக்குத் திரும்பி வராதீங்க. உயிரோட வந்தாலும் சரி."

அவரும் தொடவில்லை. வருடங்கள் போயின, பிளாக்குகள் ஒவ்வொன்றாக முடிந்தன, கடைசி பிளாக் மட்டும் பாக்கி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வெளியே போகத் திரும்பியபோது அந்த ஈரக்கை மறுபடி வந்து மணிக்கட்டைப் பிடித்தது. இந்த முறை இழுத்தது. கை முன்னால் நீண்டிருக்க, செருப்பு தரையில் தேய, "வர மாட்டேன்னு சொன்னேன் இல்ல, விடு!" என்று கத்திக்கொண்டு அவர் தாழ்வாரத்தில் போனதை வார்டர்கள் பார்த்தார்கள். கதவு கதவாகக் காலைக் கொடுத்து நிறுத்தப் பார்த்தார். கால்நகம் இரண்டு பெயர்ந்ததுதான் மிச்சம். பஞ்சர்காரனின் கம்பிக்கதவு முன்னால் வந்ததும் அந்தப் பிடி விட்டுவிட்டது. அழைப்பு அதோடு நின்றுகொண்டது, இனிமேல் அவர் பாடு.

பஞ்சர்காரன் சுவரோடு ஒட்டிக்கொண்டு கைகளை அக்குளில் செருகிக்கொண்டான். "தொடாதீங்க. செத்துருவீங்க. ஒரு தடவை செஞ்சதையே என்னால தாங்க முடியல." சிறையில் எல்லாரிடமும் சொல்லிப் பழகிய வார்த்தைதான் கறிக்கடைக்காரர் வாயில் வந்தது: "கையைக் குடு, தம்பி." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. இவனைப் போய்த் தம்பி என்றுவிட்டோமே என்று நெஞ்சு கொதித்தது. பஞ்சர்காரன் மெதுவாக வந்து கையை நீட்டினான். அவர் அதைப் பற்றி இழுத்து அவன் முகத்தைக் கம்பியில் மோதினார். மூக்கு உடைந்தது, மறுபடி மோதியதில் பல் தெறித்தது. பிடித்தது ஜெபத்துக்கா கொல்வதற்கா என்று வார்டரால் கடைசிவரை சொல்ல முடியவில்லை. கை பட்டது, அவ்வளவுதான். அவர் கழுத்து இடமிருந்து வலமாகத் திறந்துகொண்டது.

ரத்தம் கூரைவரை அடித்தது. வார்டர்கள் ஓடினார்கள். பஞ்சர்காரன் ஓடவில்லை, டியூபில் காற்று போகும் இடத்தைத் தேடிப் பழகிய கட்டைவிரல், யோசிக்காமல் கம்பிக்கு நடுவே நீண்டு, எது முக்கியமான குழாயோ அதைக் கண்டுபிடித்து அழுத்திக்கொண்டது. ரத்தம் நின்றது. டாக்டர் தையல் போட்டார். விரலை எடுத்ததும் நூல் அறுந்தது. திரும்பப் போட்டார், திரும்ப அறுந்தது. புதன் வந்தது, இந்தக் காயம் ஆறவில்லை. கொஞ்ச காலம் கறிக்கடைக்காரர் அந்த அறையிலேயே இருந்தார். குற்றம் செய்யாத ஆளுக்குச் சிறையில் சாப்பாடு போட விதியில் இடமில்லை என்று ஜெயிலர் தலையைப் பிய்த்துக்கொண்டு, கடைசியில் கட்டைவிரலை எடுக்கக் கூடாது என்ற நிபந்தனையின்பேரில் பஞ்சர்காரனையும் சேர்த்தே வெளியே அனுப்பினார்.

அதன்பிறகு கடையில் அவர் முன்னால் நின்று வெட்டுவார், அவன் பின்னால் நின்று கழுத்தைப் பிடித்திருப்பான். படுப்பதும் கடையிலேயே. வாடிக்கையாளர்கள் இரண்டு நாள் வேடிக்கை பார்த்தார்கள், மூன்றாம் நாள் எலும்பு அதிகம் போடுகிறார் என்று பழையபடி சண்டைக்கு வந்தார்கள். தம்பி மனைவி மட்டும் அந்தத் தெருப்பக்கமே வரவில்லை.

மழைக்காலம் முடிந்தபோது வந்தாள். வரிசை தானாக விலகியது. நேராக வெட்டுக்கட்டைக்குப் போய்க் கத்தியை எடுத்தாள். "அதே கத்தியா?" என்றாள். "அதேதான்மா" என்றார் அவர். பஞ்சர்காரன் கண்ணை மூடிக்கொண்டான், விரலை மட்டும் எடுக்கவில்லை. ஒரு வீச்சு போதும், அந்தக் கை போகும், கையோடு இரண்டு உயிரும் போகும். அவள் கத்தியை ஓங்கினாள். ஓங்கியபடியே அவன் சட்டையைப் பார்த்தாள். சிறையில் அன்று அடித்த ரத்தம் மார்பு முழுக்கக் கறுத்து அட்டையாகக் காய்ந்திருந்தது. கையை எடுக்க முடியாதவன் எப்படிக் கழற்றுவான்? இத்தனை வருடம் ஊரார் ரத்தத்தையெல்லாம் அலசினாள். தன் புருஷனின் கழுத்து ரத்தம் மட்டும் அவள் கைக்கு வராமலே போயிருந்தது.

கத்தியைக் கட்டையில் குத்தினாள். "விரலை எடு" என்றாள்.

"எடுத்தா செத்துருவாருங்க."

"எனக்குத் தெரியும். சட்டையைக் கழட்டற வரைக்கும் நான் பிடிச்சுக்கறேன்."

அவன் விரலை எடுத்த இடத்தில் அவள் தன் கட்டைவிரலை வைத்தாள். அடியில் நரம்பு துடித்தது. அவள் வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே அழுத்தமும் குறையாமல் பார்த்துக்கொண்டாள். பஞ்சர்காரன் சட்டையைக் கழற்றி, மடித்து, அவள் தோளில் போட்டுவிட்டு, இடம் மாறி மறுபடி தன் விரலை வைத்தான். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அவள் வந்து விரல் வைக்கிறாள், அவன் சட்டை மாற்றுகிறான். அந்த நேரத்தில் கறிக்கு வருபவர்கள் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருக்கும்.